பக்கத்து மேஜையின் சம்பளம்

நம் நாட்டில் ஒருவருடைய சம்பளத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எவரும் நினைத்ததில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். ரயிலில் எதிரே அமர்ந்தவர், எந்த ஊர் என்று விசாரித்த கையோடு, மாதம் என்ன வருகிறது என்றும் விசாரிப்பார். பெண் பார்க்க வருகிறவர்களோ அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பஞ்சப்படி எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். இவ்வளவு பேரிடமும் கூச்சமின்றிச் சொல்லுகிற நாம், காலை பத்து மணி முதல் மாலை ஐந்தரை மணி வரையில் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து, நாம் செய்கிற அதே வேலையைச் செய்கிற ஒருவரிடம் மட்டும் அதைச் சொல்வதில்லை. அவரும் நம்மிடம் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று நியமன உத்தரவிலேயே அச்சிட்டுக் கொடுக்கும் ஸ்தாபனங்களும் உண்டு. இந்த மௌனத்தினால் லாபம் அடைகிறவர் யார் என்ற கேள்வி, முப்பது வருஷங்களுக்கு மேல் சுருக்கெழுத்தாளராக ஜீவனம் நடத்திவிட்டு இப்போது அடையாறில் ஓய்வாக இருக்கும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகையால் அதனோடு சம்பந்தப்பட்ட என் அனுபவத்தை எழுதிவைக்கலாம் என்று தோன்றிற்று.

1970-களின் பிற்பகுதியில், தகப்பனார் காலமான சில மாதங்களுக்குள், மந்தைவெளியில் ஒரு ஸ்டோர் வீட்டின் ஒற்றைப் போர்ஷனில் தாயாரையும், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு தம்பிகளையும் காப்பாற்றும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அந்நாளில் மயிலாப்பூரில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சீக்கிரமாகச் சம்பாத்தியத்துக்கு வழிகாட்டிய வித்தை டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹாண்டும்தான். கச்சேரி ரோட்டை அடுத்த சந்து ஒன்றில், மாடிப்படி ஏறும்போதே இயந்திரங்களின் சடசடப்புக் கேட்கும் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் லோயரும் ஹையரும் தேறினேன். பிட்மன் முறைச் சுருக்கெழுத்தில் நிமிஷத்துக்கு 120 வார்த்தை எழுதும் பரீட்சையிலும் தேறினேன். கை வேகம் குறையாமல் இருப்பதற்காகத் தியாகராய நகரில் உள்ள ஸ்டெனோகிராபர்ஸ் கில்டுக்குச் சென்று, ஒருவர் வாசிக்கப் பலர் எழுதும் பயிற்சியில் கலந்துகொள்வேன். அங்கே எங்களுக்கு வாசித்த வயோதிகர் ஒருவர் ஓயாமல் வற்புறுத்திய ஒரு பழக்கம் பிற்காலத்தில் எனக்குப் பெருந்துணையாயிற்று. எந்த டிக்டேஷனை எடுத்தாலும், பக்கத்தின் தலைப்பில் தேதியும் சொல்லுகிறவரின் பெயரும் எழுதாமல் முதல் கோட்டைப் போடக் கூடாது. கடிதம் முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு இழுத்து மூட வேண்டும். எழுதித் தீர்ந்த நோட்டை எறியவே கூடாது. இதுதான் அவருடைய கட்டளை. அவர் சொன்னதற்குக் காரணம் வேறு. எனக்கு அது பயன்பட்ட காரணம் வேறு.

எனக்கு வேலை கிடைத்தது தேனாம்பேட்டைக்கும் தியாகராய நகருக்கும் நடுவே ஒரு பழைய பங்களாவில் இயங்கி வந்த தனியார் கம்பெனியில். அதன் பெயர் இங்கே அவசியமில்லை; அதைப் போன்ற கம்பெனிகள் அந்த வட்டாரத்தில் தெருவுக்கு இரண்டு மூன்று இருந்தன. நான் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு வருஷங்களுக்குப் பின்னர் மற்றொரு சுருக்கெழுத்தாளர் வந்து சேர்ந்தார். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்த இளைஞர். நான் தேறிய அதே பரீட்சைகளில் தேறியவர். ஒரே ஜன்னலின் இரு பக்கங்களில் எங்கள் மேஜைகள். இரண்டின் மேலும் பெருங்குடித் தொழிற்சாலையில் செய்த ஃபேசிட் இயந்திரங்கள். மூன்று அதிகாரிகளுக்கு நாங்கள் இருவரும் பொது. உள்ளேயிருந்து மணி ஒரு முறை அடித்தால் நான் நோட்டுடன் எழுந்து போக வேண்டும், இரண்டு முறை அடித்தால் அவர் போக வேண்டும். எழுந்து போக வேண்டியவர் நடுக் கடிதத்தில் இருந்தால் மற்றவர் போவார். ஒருவர் லீவில் இருக்கும் நாளில் இருவர் வேலையையும் ஒருவரே முடித்துவிட்டு, கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வீடு போய்ச் சேருவார். இப்படி ஏழெட்டு வருஷம், எந்தக் கடிதம் யாருடையது என்று பிரித்தறிய முடியாத வண்ணம் நாங்கள் வேலை செய்து வந்தோம்.

சம்பளப் பட்டுவாடா தினத்தன்று, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திடுவதற்காக, ஒவ்வொருவராகக் கேஷியர் மேஜைக்குப் போவோம். அந்தப் பதிவேட்டின் மேல் எப்போதும் ஒரு கெட்டி அட்டை கிடக்கும். ஒரே ஒரு வரிசை மாத்திரம் தெரியும்படி அதில் நீளவாக்கில் ஒரு துவாரம் கத்தரித்திருந்தார்கள். கேஷியர் அட்டையை இழுத்து இழுத்து, யார் நிற்கிறாரோ அவருடைய வரிசைக்கு நேராக அதை நிறுத்துவார். ஓரங்கள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்த அந்த அட்டையை, பெயர்கள் மாறிப் பதியாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். 1986-ஆம் வருஷத்தில் ஒரு மாதம், கேஷியர் தம் பெண்ணின் கல்யாணத்துக்காக லீவில் போனார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்த குமாஸ்தாப் பையன் அட்டையின் உபயோகம் தெரியாமல், பதிவேட்டை அப்படியே விரித்து என் பக்கம் திருப்பினான். என் பெயருக்கு எதிரே அடிப்படைச் சம்பளம் 610 ரூபாய். அதற்கு நேர் கீழே, எனக்குப் பின்னால் சேர்ந்தவருடைய பெயருக்கு எதிரே 785 ரூபாய். பஞ்சப்படி முதலியவற்றை அடிப்படைச் சம்பளத்தின் மேலேயே கணக்கிட்டபடியால், வலது கோடியில் இருந்த மொத்தத் தொகைகளுக்கு நடுவே 300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்நாளில் எங்கள் வீட்டு வாடகை அதைவிடக் குறைவு.

மறுநாள் மானேஜரிடம் போய், காரணம் என்ன என்று வெளிப்படையாகக் கேட்டேன். அவர் கடுமையான மனிதர் அல்லர். என் தாயாருக்கு உடம்பு சரியில்லாத சமயத்தில் தம் சொந்தக் காரை அனுப்பியவர். "அவர் நாளைக்கு ஒரு குடும்பத்தைத் தாங்க வேண்டியவர் அம்மா. உங்களுக்கு ஒரு கல்யாணம் ஆனால் நீங்கள் வேலையை விட்டுப் போய்விடுவீர்கள்" என்றார். அந்தப் பதிலில் அவருக்குச் சிறிதும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் வேலையில் சேர்ந்தபோது அவருக்கு விவாகம் ஆகவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தனி ஆளாக இருந்தார். நானோ சேர்ந்த நாள் முதல் நான்கு பேருக்கு அரிசி வாங்கி வந்தவள். குடும்ப பாரந்தான் சம்பளத்தை நிர்ணயிக்கும் அளவுகோல் என்றால், அந்த அளவுகோலின்படியும் தொகைகள் இடம் மாறியிருக்க வேண்டும். உண்மையில் அந்த ஆபீசில் எவருடைய வீட்டிலும் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்துச் சம்பளம் போட்டதில்லை. ஆண் என்றால் குடும்பத்தைத் தாங்குகிறவன், பெண் என்றால் புடவைக்கும் பூவுக்கும் சம்பாதிக்கிறவள் என்ற பழைய அபிப்பிராயம், எவரும் எடுத்துப் பார்க்காமலே, அடிப்படைச் சம்பளம் என்ற கட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. வீட்டில் சொன்னபோது, "இருக்கறதையும் கெடுத்துக்காதேடி" என்றாள் அம்மா. பயத்திலேயே வாழ்ந்து பழகியவளுடைய அந்த வார்த்தையை நான் குறைசொல்ல மாட்டேன்.

இது வெறும் மனக்குறை அன்று, சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது எனக்குத் தெரியவந்தது 1987-ஆம் வருஷத்துக் கோடையில், லஸ் சர்ச் ரோட்டிலுள்ள ரானடே நூல்நிலையத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் வாரத்துப் பத்திரிகைகளைப் புரட்டுவது என் வழக்கம். மக்கின்னன் மெக்கன்ஸி என்ற கப்பல் கம்பெனிக்கும், அதன் பம்பாய் ஆபீசில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண்மணிக்கும் நடந்த வழக்கில் அவ்வருஷம் மார்ச் 26-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டது. என் தொழில், என் வழக்கு, என் மேஜை என்றே எனக்குத் தோன்றிற்று. மயிலாப்பூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த உறவினர் ஒருவர் மூலம் தீர்ப்பின் நகலை வரவழைத்து, ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து படித்தேன்.

அதை எழுதியவர் நீதிபதி இ.எஸ். வெங்கடராமையா. வழக்கின் கதை சுருக்கமானது. அந்தக் கம்பெனியில் ஆண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஒரு சம்பள விகிதமும், அதிகாரிகளோடு இணைத்து நியமிக்கப்பட்டிருந்த பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு அதைவிடக் குறைந்த விகிதமும் இருந்தன. 1977 ஜூன் மாதத்தில் வேலையிலிருந்து விலக்கப்பட்ட அப்பெண்மணி, தமக்குச் சேர வேண்டிய வித்தியாசத்தைக் கேட்டு மனுச் செய்தார். முதலில் விசாரித்த அதிகாரி மறுத்துவிட்டார். அப்பீலில் 7,196 ரூபாய் 67 பைசா கொடுக்கும்படி உத்தரவாயிற்று. அந்தத் தொகையைக் கொடுக்க மனமின்றிக் கம்பெனி ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே தனி நீதிபதியிடம் தோற்று, பெஞ்சுக்குப் போய் அங்கும் தோற்று, கடைசியில் டில்லி வரையில் சென்றது. பெண்கள் செய்வது வேறு தினுசான வேலை என்று அது வாதாடிற்று. அதிகாரிகளுக்கான அந்த இரகசிய வேலையில் ஆண்களே இல்லாதபோது எவரோடு ஒப்பிடுவது என்று கேட்டது. தொழிற்சங்கமே ஒப்புக்கொண்ட உடன்படிக்கை இது என்றது. கம்பெனியின் நிதி நிலைமை இடங்கொடாது என்றும் சொல்லிப் பார்த்தது. சுப்ரீம் கோர்ட்டு இவற்றில் ஒன்றையும் ஏற்கவில்லை. இரு வேலைகளும் ஒன்றா என்று பார்க்கும்போது அற்ப வித்தியாசங்களைத் துருவாமல் விசாலமான நோக்கோடு பார்க்க வேண்டும் என்றும், காகிதத்தில் செய்யக்கூடியதாக எழுதியிருக்கும் வேலையை விட்டு நடைமுறையில் செய்யப்படும் வேலையையே கவனிக்க வேண்டும் என்றும், சட்டத்துக்கு விரோதமான உடன்படிக்கை கம்பெனியைக் காப்பாற்றாது என்றும், எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கச் சக்தியில்லை என்பது ஒரு சாராருக்குக் குறைத்துக் கொடுப்பதற்குக் காரணமாகாது என்றும் அது கூறிற்று. வேலை போன பத்தாவது வருஷத்தில் அந்தப் பெண்மணி ஜயித்தார்.

இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான சமஊதியச் சட்டம், 1975-ஆம் ஆண்டு சர்வதேச மகளிர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது செப்டம்பர் 26-ஆம் தேதி அவசரச் சட்டமாகப் பிறந்து, 1976-இல் பார்லிமெண்டின் சட்டமாயிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமவேலைக்குச் சமஊதியம் என்ற லட்சியமோ அரசியல் சாசனத்தின் 39-ஆவது ஷரத்திலேயே இருக்கிறது. ஆக, நான் உத்தியோகத்தில் சேர்ந்த தினத்திலேயே இந்தச் சட்டம் அமலில் இருந்தது. என் ஆபீசில் அதைப் பற்றி ஒருவரும் ஒரு நாளும் பிரஸ்தாபித்ததில்லை. அச்சட்டத்தில் ஒரு வாசகம் என்னை விசேஷமாகக் கவர்ந்தது. சம்பளத்தைச் சமப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அதிகம் வாங்குகிறவருடைய ஊதியத்தை எந்த முதலாளியும் குறைத்துவிடக் கூடாது என்பதே அது. பக்கத்து மேஜைக்காரரிடம் நான் வாய் திறந்து பேசியது அந்த வாசகத்தைப் படித்த பிறகுதான். என் நியாயம் அவர் சோற்றில் கைவைப்பதாக இருக்குமோ என்ற சங்கோசம் அதுவரை என்னைத் தடுத்திருந்தது.

அவர் பதிவேட்டைப் பார்த்ததில்லை. நான் இரண்டு தொகைகளையும் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், என் ஷார்ட்ஹாண்ட் நோட்டை இரவல் வாங்குவது போல் வாங்கி, சற்றுநேரங் கழித்துத் திருப்பி வைத்தார். திறந்து பார்த்தால், உள்ளே நான்காக மடித்த ஒரு காகிதம். தம்முடைய நியமன உத்தரவைத் தாமே வரிக்கு வரி டைப் செய்து, உண்மை நகல் என்று அடியில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார். "உங்ககிட்ட இருக்கட்டும் மேடம். யார் குடுத்தான்னு கேட்டா, தாராளமா என் பேரைச் சொல்லுங்க" என்றார். அப்போது அவருக்கு விவாகமாகி ஒரு குழந்தையும் இருந்தது. சம்பள விவரத்தை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை அந்த உத்தரவின் ஏழாவது பத்தியில் இருந்தது. அந்தப் பத்தியையும் விடாமல் அவர் டைப் செய்திருந்தார். என் வாழ்நாளில் பெரிய மனிதர்கள் பலரை மேடைகளில் பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றைக் காகிதத்தில் கண்ட கௌரவத்தை வேறெங்கும் நான் அதிகம் கண்டதில்லை.

பிறகு நான் சாட்சியங்களைச் சேகரிக்கத் தொடங்கினேன். கில்டில் பழகிய பழக்கத்தின் புண்ணியத்தால், என் பழைய நோட்டுகள் யாவும், தேதியோடும் சொன்னவர் பெயரோடும், பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. ஆபீசிலோ அதைவிட உறுதியான சாட்சி ஒன்று இருந்தது. அக்காலத்துக் கம்பெனிக் கடிதம் ஒவ்வொன்றின் அடியிலும், இடது மூலையில், சொன்ன அதிகாரியின் பெயரின் முதல் எழுத்துக்களை அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, டைப் செய்தவரின் முதல் எழுத்துக்களையும் அடிப்பது வழக்கம். கார்பன் நகலிலும் அது பதிந்திருக்கும். எங்கள் இருவருடைய எழுத்துக்களும் ஒரே ஃபைலில் மாறி மாறி வந்தன: வங்கிக்கு எழுதிய கடிதங்கள், ஏஜெண்டுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள், டெண்டர்கள், டைரக்டர்கள் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகள். இரகசியம் என்று சிவப்பு முத்திரை குத்திய உறைகளில் கூட, அவர் ஊருக்குப் போயிருந்த நாட்களில், என் எழுத்துக்களே இருந்தன. நடைமுறையில் செய்யப்படும் வேலை எது என்று நீதிபதி கேட்ட கேள்விக்குப் பதில், எங்கள் ஆபீஸ் அலமாரியில், தேதிவாரியாகத் துளையிட்டுக் கோத்து வைக்கப்பட்டிருந்தது. மத்தியான உணவு வேளைகளில் நான் அந்த அட்டவணையைத் தயாரித்தேன். இரகசியக் கடிதங்களின் விஷயம் ஒன்றையும் அதில் எழுதவில்லை. தேதியும் எழுத்துக்களும் போதுமானவையாக இருந்தன.

மனுவை இரண்டு பிரதிகளாக அடித்து, ஒன்றைத் தபால் குமாஸ்தாவிடம் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொண்டேன். அதில் மூன்று விஷயங்களைக் கேட்டிருந்தேன். என் அடிப்படைச் சம்பளத்தை மற்றவருடையதற்குச் சமமாக நிர்ணயிப்பது, கடந்த வருஷங்களின் வித்தியாசத்தைக் கொடுப்பது, எந்த வேலையில் எத்தனை ஆண்களும் எத்தனை பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன விகிதத்தில் ஊதியம் என்று காட்டும்படி சட்டம் விதித்திருக்கும் பதிவேட்டைக் காண்பிப்பது. முதல் இரண்டைக் காட்டிலும் மூன்றாவதே நிர்வாகத்தை அசைத்தது. ஏனெனில் அப்படி ஒரு பதிவேடு அங்கே இல்லை.

மானேஜர் கூப்பிட்டு, மாதம் 150 ரூபாய் விசேஷப் படியாகக் கொடுக்க டைரக்டர்கள் மனமுவந்து சம்மதித்திருப்பதாகவும், நன்றி தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதம் முதலே அமலுக்கு வரும் என்றும் சொன்னார். நான் மறுத்தேன். பலர் என்னைப் பிடிவாதக்காரி என்றார்கள். ஆனால் விஷயம் கணக்கிலேயே இருந்தது. அடிப்படைச் சம்பளத்தோடும் பஞ்சப்படியோடும் சேராத ஒரு படி, அந்நாளில் பிராவிடண்ட் ஃபண்டில் சேராது. 1972-ஆம் வருஷத்துக் கிராஜுவிட்டிச் சட்டமோ, கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அடிப்படையில் வருஷத்துக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கிட்டது. விசேஷப் படி அந்தக் கணக்கிலும் ஏறாது. அன்றைக்கு மாதம் 175 ரூபாயாக இருந்த அடிப்படை வித்தியாசம், ஒவ்வோர் இன்க்ரிமெண்டிலும் வளர்ந்து, முதுமைக் காலம் வரையில் என்னைத் தொடர்ந்து வந்திருக்கும். அன்றியும், தயவாகக் கொடுத்ததை மறுவருஷம் தயவின்றி நிறுத்திவிடலாம். எனக்கு வர வேண்டியிருந்தது பாக்கி. தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்க உத்தேசித்திருப்பதை மட்டும் தெரிவித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மணி ஒரு முறை அடித்தது. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த மாதங்களில் என் வேலையில் ஒரு பிழையும் நேராதபடி விசேஷ சிரத்தை எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குச் சிறிது முன்னதாக உத்தரவு வந்தது. இருவர் அடிப்படைச் சம்பளமும் ஒன்றாக்கப்பட்டது. மூன்று வருஷத்து வித்தியாசம் இரண்டு தவணைகளில் கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷங்களின் பணம் எனக்கு வரவேயில்லை. வந்த பணத்தில் சின்னத் தம்பி தரமணி பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். பக்கத்து மேஜைக்காரருடைய சம்பளத்தில் ஒரு காசும் குறையவில்லை; ஆனால் அடுத்த தையில் அவரைக் கிண்டியில் இருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே டிக்டேஷன் சொல்ல ஆள் கிடையாது. சரக்குச் சீட்டுக்களை டைப் செய்துகொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். நான் அதற்காக வருத்தம் தெரிவித்தபோது, வீட்டுக்குச் சீக்கிரம் போக முடிகிறது என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

என் விவகாரம் இவ்வாறு தீர்ந்தது. ஆயினும் அதே கூரையின் கீழ் தீராமல் நின்ற இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. வாசல் அறையில் டெலிபோன் பலகையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு, தபால் அனுப்பும் குமாஸ்தாவைக் காட்டிலும் குறைந்த சம்பளம். ஒரே சமயத்தில் நாலைந்து இணைப்புகளைக் கையாண்டு, மூன்று பாஷைகளில் பதில் சொல்லி, ஒரு நிமிஷமும் நாற்காலியை விட்டு எழ முடியாத அந்த வேலை எவ்விதத்தில் தாழ்ந்தது என்று எவரும் விளக்கியதில்லை. என் மனுவைப் போல் ஒன்று எழுதித் தரும்படி அவள் என்னிடம் கேட்டாள். சட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் எனக்கு வழி தெரியவில்லை. அது ஒரே வேலையையோ ஒத்த தன்மையுள்ள வேலையையோ செய்யும் ஆணோடு ஒப்பிடச் சொல்கிறது. அந்தப் பலகையிலோ எந்தக் காலத்திலும் ஓர் ஆண் உட்கார்ந்ததில்லை. 1951-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் செய்த உடன்படிக்கை சமமதிப்புள்ள வேலைக்குச் சமஊதியம் என்று பேசுகிறது. 1958-இல் நம் அரசாங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. மதிப்பை வைத்து அளந்தால் டெலிபோன் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கும். ஒற்றுமையை வைத்து அளந்தால் கிடைக்காது. நம் சட்டம் இரண்டாவது அளவையே எடுத்துக்கொண்டது. ஒரு வேலையை முழுக்கப் பெண்களுக்கே ஒதுக்கிவிட்டால் அதற்கு எவ்வளவு குறைவாகவும் கொடுக்கலாம் என்ற நிலைமை இதனால் நீடிக்கிறது; இதைப் பெரிய அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

மற்றொன்று ஆயாவின் விஷயம். பொழுது விடிந்ததும் வந்து பங்களா முழுவதும் பெருக்கித் துடைத்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்து, கூஜாவில் காப்பி வாங்கி வந்து, எல்லோருடைய டம்ளர்களையும் கழுவி வைக்கும் அவளுடைய பெயர் சம்பளப் பதிவேட்டிலேயே இல்லை. மாதக் கடைசியில் ஒரு வவுச்சரில் கைநாட்டு வைத்துவிட்டு, எண்ணிப் பார்க்காமல் ரூபாயைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவாள். பியூனுக்குப் பிராவிடண்ட் ஃபண்ட் உண்டு, யூனிபாரம் உண்டு, தீபாவளி போனஸ் உண்டு. அவளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. பதிவேட்டின் மேல் அட்டையை இழுத்து இழுத்து மறைத்த கேஷியர், அவள் விஷயத்தில் மறைப்பதற்கு ஒரு வரிசையும் இல்லாமல் இருந்தார். நானும் டெலிபோன் பெண்ணும் சேர்ந்து அவளுக்காக எழுதிய மனுவுக்குப் பதில் வரவில்லை. கைநாட்டின் நீல மை காயும் வரையில் கட்டை விரலைத் தூக்கிப் பிடித்தபடி அவள் படியிறங்கிப் போவதை நான் ஓய்வு பெறும் வரையில் பார்த்தேன்.

காலம் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். 1976-ஆம் வருஷத்துச் சட்டம் இப்போது 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கியிருக்கிறது. தாற்காலிக ஊழியர்களும் நிரந்தர ஊழியர்களின் வேலையையே செய்தால் அவர்களுடைய சம்பள விகிதத்தின் குறைந்தபட்சத் தொகையைப் பெற வேண்டும் என்று 2016-இல் பஞ்சாப் அரசாங்க ஊழியர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனாலும் வித்தியாசத்துக்குப் புதுப்புதுக் காரணங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. நம் ராஜ்யத்தில் இடைநிலை ஆசிரியர்களின் விஷயத்தைப் பாருங்கள். 2009 மே 31-ஆம் தேதி வரையில் வேலையில் சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய் என்றும், மறுநாள் ஜூன் 1-ஆம் தேதி முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் ஏற்பட்டுவிட்டது. அதே பள்ளி, அதே ஐந்தாம் வகுப்பு, அதே பாடப் புத்தகம். ஒரு நாள் பிந்தியதற்கு மாதம் 3,170 ரூபாய் அடிப்படையிலேயே நஷ்டம். 2022 டிசம்பர் கடைசி வாரத்தில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித்துறை வளாகத்தில், கைக்குழந்தைகளோடு வந்த பெண்கள் உட்பட அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பலர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்பட்டார்கள். கோரிக்கையைப் பரிசீலிக்கக் குழு அமைப்பதாக 2023 ஜனவரி 1-ஆம் தேதி முதலமைச்சர் அறிவித்த பிறகு எழுந்து போனார்கள். அந்த ஆசிரியர்களுக்கு ஒரு விதத்தில் என்னைவிடச் சௌகரியம் உண்டு: அரசாங்கச் சம்பள விகிதம் அச்சிடப்பட்ட ஆணையில் இருக்கிறது, எவரும் அட்டை வைத்து மறைக்க முடியாது. அவர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்று சேர முடிந்தது அதனால்தான். தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுதும் நின்று புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கும், பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்கிற என் பேத்தி வயதுக் குழந்தைகளுக்கும் அந்த வசதி இல்லை. அவர்களுக்கு அடுத்த மேஜைக்காரரின் சம்பளம் இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள முயல்வது குற்றம் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது.

குறைவாக வாங்குகிறவர்களைப் பார்த்துத் தைரியமாகக் கேளுங்கள் என்று உபதேசிப்பவர்கள் அநேகர் இருக்கிறார்கள். கேட்பதற்கு முன்னால் தெரிய வேண்டும். தெரியாத ஒன்றை எவர் எப்படிக் கேட்பது? ஆகவே என் வேண்டுகோள் அதிகம் வாங்குகிறவர்களிடந்தான். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களோடு சமமாக உழைக்கிற ஒரு பெண்ணோ, ஒப்பந்த ஊழியரோ, பின்னால் வந்து சேர்ந்த ஓர் இளைஞரோ இருப்பாராகில், அவர் விசாரிக்கும் வரையில் காத்திராதீர்கள். இந்த மாதத்துச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும், அதை அவரிடம் காட்டுங்கள்.